சுவரில் ஒரு கறுப்புப் புள்ளி!

மழை நின்றுவிட்டது. வெள்ளம் வடிந்துவிட்டது. தெருவும் காய்ந்துவிட்டது. ஆனால் வீட்டுக்குள் மட்டும் ஈரம் போகவில்லை!

ஈரம் ஒளிந்துகொள்ளும் இடம் ஒன்று எல்லா வீட்டிலும் உண்டு. அதுதான் குளியல் அறை. அதன் மூலையிலே, கூரையை ஒட்டினாற்போல, ஒரு நாள் ஒரு கறுப்புப் புள்ளி தோன்றும். மறுநாள் அது நாலு புள்ளி ஆகும். பத்து நாளில் மை கொட்டியதுபோலச் சுவரிலே படர்ந்துவிடும். கதவைத் திறந்தால் மக்கிய வாசனை வரும்.

பூஞ்சணம் பிடித்துவிட்டது என்று வீட்டில் உள்ளவர்கள் சலித்துக்கொள்வார்கள். அதோடு சரி.

சலித்துக்கொண்டு விட்டுவிடுகிற விஷயமா இது? இல்லை. அந்தக் கறுப்புப் புள்ளி ஒரு செய்தி சொல்கிறது. அதைப் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மறக்க முடியாத இரவு

விழுப்புரம், திண்டிவனம் மக்கள் 2024-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி இரவை மறக்க மாட்டார்கள்.

அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை ஏறியது. ஏறிய புயல் வேகமாக நகர்ந்து போகவில்லை. ஒரே இடத்தில் நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டி மீட்டர் மழை. திண்டிவனத்தில் சுமார் 37 சென்டி மீட்டர். ஓர் ஆண்டு முழுவதும் பெய்ய வேண்டிய மழையில் ஏறக்குறையப் பாதி, மயிலத்தில் ஒரே நாளில் பெய்துவிட்டது!

தென்பெண்ணை ஆறு கரை புரண்டது. அரசூர் அருகே சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் வெள்ளம் பாய்ந்தது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே உள்ள பாலத்தில் தண்ணீர் அபாயக் கட்டத்தைத் தாண்டியதால் ரெயில்கள் நின்றன. ஊர் ஊராக வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 2,000 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது.

வெள்ளம் பெரிய எதிரி. அது வருவது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் படகு உண்டு. நிவாரணம் உண்டு. மந்திரிகள் வருகை உண்டு.

ஆனால் வெள்ளம் போகும்போது ஒரு சின்ன எதிரியை வீட்டுக்குள் விட்டுவிட்டுப் போகிறது. சுவரில் ஏறிய ஈரம்தான் அது. அதை யாரும் படம் பிடிப்பதில்லை. அதற்கு நிவாரணமும் இல்லை.

புயல் வராத ஆண்டிலும் இந்தக் கதை உண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் துணி காயாது. சுவரும் காயாது. அப்போது குளியல் அறைச் சுவரில் கறுப்புப் புள்ளி தலை காட்டும்.

பூசணிக்காயும் பூஞ்சணமும்

பூஞ்சணம் வந்தால் வீடுகளில் என்ன செய்கிறார்கள்?

முதலில் வீட்டுப் பெண் துடைப்பத்தை எடுப்பார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பவுடரைக் கொட்டித் தேய்ப்பார். கை எரியும். கண் எரியும். சுவர் வெளுக்கும். ஒரு மாதத்தில் மறுபடியும் கறுக்கும். பிறகு பொங்கலுக்கு வெள்ளை அடிப்பார்கள். அல்லது வர்ணம் பூசுவார்கள். சுவர் பளபள என்று இருக்கும். அடுத்த மழைக்காலத்தில் வர்ணம் உப்பிக்கொண்டு உதிரும். உள்ளே இருந்து பழைய கறுப்பு எட்டிப் பார்க்கும்!

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? முடியாது. பூஞ்சணத்தை வர்ணத்தில் மறைக்கவும் முடியாது.

காரணம் இதுதான். பூஞ்சணம் அழுக்கு அல்ல. அது ஓர் உயிர்.

உயிர் என்றால் எப்படி?

காளானைப் பார்த்திருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பூஞ்சணம் காளானின் இனம். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நூல்களாக அது வளர்கிறது. செடி விதை போடுவதுபோல, இது பொடி போடும். அந்தப் பொடியின் பெயர் வித்துத்தூள். அது காற்றில் மிதக்கும். எந்த வீட்டிலும், எந்த ஊரிலும் அது காற்றில் இருக்கும். அதை முழுவதும் ஒழிக்க யாராலும் முடியாது.

வித்துத்தூள் முளைக்க மூன்று வேண்டும். தீனி வேண்டும். இதமான வெப்பம் வேண்டும். ஈரம் வேண்டும்.

குளியல் அறையில் தீனிக்குப் பஞ்சம் இல்லை. சோப்பு நுரை, உடம்பு அழுக்கு, எண்ணெய்ப் பிசுக்கு, வர்ணம், மரக் கதவு எல்லாம் அதற்குச் சாப்பாடு. வெப்பத்துக்கும் பஞ்சம் இல்லை. தமிழ்நாட்டில் ஆண்டு முழுவதும் இதமான சூடுதான்.

மீதி இருப்பது ஈரம் ஒன்று. தீனியை முழுவதும் எடுக்க முடியாது. வெப்பத்தைக் குறைக்க முடியாது. மனிதனால் தடுக்கக்கூடியது ஈரத்தை மட்டும்தான்.

ஆகவே பூஞ்சணத்தோடு சண்டை போடுகிறவர்கள் உண்மையில் தண்ணீரோடுதான் சண்டை போட வேண்டும். சுவர் நனைந்தால் 24 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் காயவைத்துவிட வேண்டும். அதற்குள் காய்ந்துவிட்டால் பெரும்பாலும் பூஞ்சணம் பிடிக்காது. காயாவிட்டால் பிடிக்கும். கணக்கு அவ்வளவுதான்.

மல்லாட்டை சொல்லும் பாடம்

இந்தக் கணக்கு திண்டிவனத்து விவசாயிக்குப் புதிது அல்ல. அவருக்கு இது பரம்பரையாகத் தெரியும்.

இந்தப் பக்கத்தில் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். மணிலாக்கொட்டை என்பதுதான் மருவி மல்லாட்டை ஆயிற்று. திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்று கடலை ரகங்களுக்குப் பெயர் உண்டு. அந்த டி.எம்.வி. என்பது திண்டிவனம்தான்.

மல்லாட்டையைப் பிடுங்கியதும் விவசாயி மூட்டை கட்டிவிடுவாரா? மாட்டார். வெயிலில் காயப் போடுவார். ஒரு கை அள்ளிக் காதருகே குலுக்கிப் பார்ப்பார். கலகல என்று சத்தம் கேட்டால் காய்ந்துவிட்டது. சத்தம் வராவிட்டால் மறுபடியும் களத்தில் பரப்புவார். பருப்பில் ஈரம் நூற்றுக்கு எட்டுப் பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். விவசாயியின் காது அதைக் கருவி இல்லாமலே அறிந்துகொள்கிறது!

ஈரக் கடலையை மூட்டை கட்டினால் என்ன ஆகும் என்பதை உலகம் 1960-ம் ஆண்டில் பார்த்தது. இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிகள் திடீர் என்று செத்து விழுந்தன. என்ன நோய் என்றே தெரியவில்லை. கடைசியில் தீவனத்தைச் சோதித்தார்கள். பிரேசில் நாட்டிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கு அது. அதில் பூஞ்சணம் பிடித்திருந்தது. அந்தப் பூஞ்சணம் கக்கிய நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள்.

குளியல் அறைப் பூஞ்சணத்தை யாரும் தின்பதில்லை. ஆகவே அந்த நஞ்சுக் கதையைச் சுவருக்கு அப்படியே பொருத்திப் பயப்பட வேண்டியது இல்லை. ஆனால் பாடம் ஒன்றுதான். ஈரத்தோடு மூட்டை கட்டாதே!

களத்தில் இவ்வளவு கவனமாக இருக்கிற அதே மனிதர், வீட்டில் என்ன செய்கிறார்? குளித்ததும் வாளித் தண்ணீரையும், நனைந்த சுவரையும், ஈரத் துண்டையும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறார். ஜன்னலும் இல்லை. ஈரத்தை மூட்டை கட்டி வாயையும் தைத்தாயிற்று! அதில் பூஞ்சணம் பிடிக்காமல் வேறு என்ன பிடிக்கும்?

மூன்றும் ஒன்று அல்ல

குளியல் அறையில் மூன்று விதமான கறைகள் வரும். மூன்றையும் ஒன்றாக நினைத்து ஒரே மருந்து போடுவது தவறு.

தரையில் பச்சையாக, வழவழ என்று இருப்பது பாசி. வெளிச்சமும் தண்ணீரும் உள்ள இடத்தில் வளரும். பெரியவர்கள் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொள்வது இதனால்தான். உடனே தேய்த்துக் கழுவ வேண்டும்.

சுவரின் அடிப்பகுதியில் வெள்ளையாக, பொடியாகப் பூப்பது உப்பு. தரையிலிருந்து ஓதம் மேலே ஏறுகிறது என்பதற்கு அது அடையாளம். அது உயிர் அல்ல. ஒரு துளி தண்ணீர் விட்டால் கரையும்.

மேல் மூலையிலும், கூரையிலும், டைல்ஸ் இடுக்கிலும், கதவுக்குப் பின்னாலும் கறுப்பாகவோ, சாம்பல் பச்சையாகவோ புள்ளி புள்ளியாக வருவதுதான் பூஞ்சணம்.

உடம்புக்குக் கெடுதலா?

பூஞ்சணம் எல்லோரையும் நோயாளி ஆக்கிவிடாது. பூஞ்சணத்தால் உலகத்துக்கு நன்மையும் உண்டு. 1928-ம் ஆண்டில் லண்டனில் அலெக்சாண்டர் பிளெமிங் கண்டுபிடித்த பெனிசிலின் மருந்து ஒரு பூஞ்சணத்திலிருந்து வந்ததுதான். கோடிக்கணக்கான உயிர்களை அது காப்பாற்றியிருக்கிறது.

ஆனால் குளியல் அறைச் சுவரில் இருப்பது மருந்து அல்ல. அதன் வித்துத்தூள் மூக்கில் ஏறினால் சிலருக்குத் தும்மல் வரும். கண் அரிக்கும். இருமல் வரும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பு கூடும். ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீட்டில் வசிப்பவர்களுக்கு மூச்சுத் தொல்லையும் ஆஸ்துமாவும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறைகளில் சொல்லியிருக்கிறது. குழந்தைகள், முதியோர், உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஆகியோர் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

இங்கே ஒரு வீண் பயத்தையும் போக்கிவிட வேண்டும். 2021-ம் ஆண்டில் கொரோனாவோடு சேர்ந்து கறுப்புப் பூஞ்சை நோய் வந்ததே, அது வேறு. மண்ணிலும் மக்கிய பொருளிலும் உள்ள வேறு வகைப் பூஞ்சையால் அது வந்தது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களையும், ஸ்டீராய்டு மருந்து சாப்பிட்டவர்களையும் அதிகமாகத் தாக்கியது. குளியல் அறைச் சுவர் கறுத்திருப்பதைப் பார்த்து அந்த நோய் வந்துவிடும் என்று நடுங்க வேண்டாம்.

நடுங்கவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். மழைக்காலத்தில் குழந்தை இரவெல்லாம் இருமினால், வெளியூர் போனால் இருமல் நின்று, வீடு திரும்பியதும் மறுபடி வந்தால், வீட்டு ஈரத்தைச் சந்தேகப்பட வேண்டும். டாக்டரிடம் போகும்போது சுவர் சமாசாரத்தையும் சொல்ல வேண்டும். பலர் அதைச் சொல்வதே இல்லை!

ஒரு குழந்தையின் பெயரில் சட்டம்

இங்கிலாந்தில் ராச்டேல் என்று ஓர் ஊர். அங்கே ஒரு குடும்பம் வாடகை வீட்டில் குடியிருந்தது. குளியல் அறையிலும் சமையல் அறையிலும் பூஞ்சணம் படர்ந்தது. குழந்தையின் தந்தை புகார் செய்தார். மேலே வர்ணம் பூசிக்கொள்ளும்படி பதில் வந்தது. பூசினார். பூஞ்சணம் போகவில்லை. மறுபடியும் புகார் செய்தார். பயன் இல்லை.

2020-ம் ஆண்டு டிசம்பர் மாதம் அந்த வீட்டுக் குழந்தை மூச்சுக் கோளாறால் இறந்தது. அதற்கு வயது இரண்டு.

நீண்ட நாள் பூஞ்சணம் படர்ந்த வீட்டில் இருந்ததுதான் சாவுக்குக் காரணம் என்று 2022-ம் ஆண்டு நவம்பரில் விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். நாடே அதிர்ந்தது. அந்தக் குழந்தையின் பெயரால், அவாப் சட்டம் என்று ஒரு சட்டம் வந்தது. அது 2025-ம் ஆண்டு அக்டோபர் 27-ந் தேதி நடைமுறைக்கு வந்தது. பொது வாடகை வீடுகளில் ஆபத்தான ஈரமோ பூஞ்சணமோ இருப்பதாகப் புகார் வந்தால், 10 வேலை நாட்களுக்குள் வீட்டுக்காரத் தரப்பு வந்து சோதிக்க வேண்டும். ஆபத்து உறுதியானால் 5 வேலை நாட்களுக்குள் அதைப் போக்க வேண்டும். அவசரம் என்றால் 24 மணி நேரம்தான் கெடு.

ராச்டேல் குளிர் ஊர். விழுப்புரம் வெயில் ஊர். ஆனால் மேலே வர்ணம் பூசிக்கொள்ளுங்கள் என்ற பதில் எல்லா ஊரிலும் கேட்கிற பதில்தான்!

தண்ணீர் எங்கே இருந்து வருகிறது?

ஆகவே முதல் வேலை துடைப்பத்தை எடுப்பது அல்ல. தண்ணீர் வரும் வழியைத் தேடுவதுதான். அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம்.

குழாய்க் கசிவா என்று பார்க்க ஒரு வழி உண்டு. இரவு எல்லோரும் படுக்கப் போகும்போது மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று சாக்குக்கட்டியால் கோடு போட்டு வைக்க வேண்டும். விடிந்ததும், யாரும் குழாயைத் திறக்கும் முன், போய்ப் பார்க்க வேண்டும். தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள்.

சுவருக்குள் ஓதமா, குளிக்கும்போது எழும் ஆவியா என்று அறியவும் வழி உண்டு. சுவரைத் துடைத்துவிட்டு, ஒரு முழம் பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் ஒட்டுத் தாளால் அடைத்து ஒட்ட வேண்டும். ஒன்றிரண்டு நாள் கழித்துப் பார்க்க வேண்டும். தாளின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றில் ஈரம் அதிகம். உள்பக்கம் நனைந்திருந்தால் சுவருக்கு உள்ளே இருந்து ஈரம் வருகிறது.

தரையையும் சோதிக்க வேண்டும். ஒரு வாளி தண்ணீரைக் கொட்டினால் அது தானாக ஓடி வடிய வேண்டும். ஒரு மூலையில் தேங்கி நின்றால் கொத்தனார் வாட்டம் சரியாக வைக்கவில்லை.

மொட்டை மாடியில் விரிசல் உண்டா? மழைநீர்க் குழாயில் இலை அடைத்திருக்கிறதா? வெளிச்சுவரில் மழைச் சாரல் ஊறுகிறதா? பக்கத்துச் சுவருக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா? இவற்றையும் ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட வேண்டும்.

கசிவை அடைக்காமல் சுவரைத் தேய்ப்பது, ஓட்டை வாளியில் தண்ணீர் இறைப்பது போலத்தான்.

காற்றுக்கு ஒரு வழி

அந்தக் காலத்து வீடுகளில் குளியல் எல்லாம் கொல்லையில், கிணற்றடியில் நடந்தது. மேலே வானம். நாலு பக்கமும் காற்று. குளித்த ஈரம் அரை மணியில் காய்ந்துவிடும். சுவருக்கு அடித்தது சுண்ணாம்பு. சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சணம் எளிதில் தலை எடுக்காது.

இப்போது குளியல் அறை வீட்டுக்குள் வந்துவிட்டது. அது நல்லதுதான். வயதானவர்களுக்கும், பெண்களுக்கும், பிள்ளைகளுக்கும் எவ்வளவோ வசதி. கொல்லைக்கே திரும்பிப் போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அறையை உள்ளே கொண்டுவந்தவர்கள் காற்றை வெளியே விட்டுவிட்டார்கள்!

மனை சிறியது. பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டி நிற்கிறது. ஆகவே ஜன்னல் வைப்பதில்லை. அல்லது கையகல ஜன்னல் வைத்து, அதையும் கண்ணாடியால் அடைத்துவிடுகிறார்கள். குளியல் அறையின் ஒரு சுவராவது வெளிக்காற்றைப் பார்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றுக் கூண்டின் வழியாகவாவது காற்று வர வேண்டும் என்பது கட்டட விதி. புது வீடு கட்டுகிறவர்கள் டைல்ஸ் நிறத்தைத் தேர்ந்தெடுக்க நாலு கடை ஏறி இறங்குகிறார்கள். ஜன்னலுக்காக நாலு நிமிஷம் யோசித்தால் போதும். ஜன்னலுக்கு மாதா மாதம் கட்டணம் இல்லை.

ஜன்னல் வைக்க முடியாத வீட்டில் காற்றை வெளியே தள்ளும் சிறிய மின்விசிறி வைக்கலாம். குளிக்கும்போதும், குளித்த பிறகு அரை மணி நேரமும் அது ஓட வேண்டும். அது வீட்டுக்குள் தள்ளாமல் வெளியே தள்ள வேண்டும். கதவின் அடியில் ஒரு விரல் இடைவெளியும் வேண்டும். உள்ளே காற்று வராமல் வெளியே எப்படிப் போகும்?

காசு செலவில்லாத பழக்கங்களும் உண்டு. கடைசியாகக் குளிப்பவர் ரப்பர் தள்ளியால் சுவர்த் தண்ணீரையும் தரைத் தண்ணீரையும் வழித்துவிட வேண்டும். இரண்டு நிமிஷ வேலை. கதவைத் திறந்து வைக்க வேண்டும். ஈரத் துண்டையும், துவைத்த துணியையும் உள்ளே தொங்கவிடாமல் வெயிலில் போட வேண்டும். இந்த வேலையை வீட்டுப் பெண் தலையில் மட்டும் கட்டக் கூடாது. குளிப்பவர் எல்லோரும் செய்ய வேண்டும்!

தேய்க்கும்போது ஜாக்கிரதை!

கசிவை அடைத்து, காற்றுக்கு வழி செய்த பிறகு பூஞ்சணத்தைக் கழுவலாம். கறை 10 சதுர அடிக்குள், அதாவது மூன்று அடிக்கு மூன்று அடி போல இருந்தால் வீட்டாரே செய்துகொள்ளலாம். அதற்கு மேல் பரவியிருந்தால் கைதேர்ந்த ஆளை அழைப்பது நல்லது.

மூக்கையும் வாயையும் முகக் கவசத்தால் மூட வேண்டும். கையில் ரப்பர் உறை போட வேண்டும். கதவையும் ஜன்னலையும் திறந்து வைக்க வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலைக்கு வரக் கூடாது. காய்ந்த பூஞ்சணத்தைத் துடைப்பத்தால் தட்டக் கூடாது. தட்டினால் தூள் பறக்கும். முதலில் நனைத்துவிட்டு, சோப்புத் தண்ணீரும் பிரஷும் கொண்டு தேய்க்க வேண்டும். டைல்சும் கண்ணாடியும் இதிலேயே சுத்தமாகிவிடும். பிறகு உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும்.

சிமெண்டுப் பூச்சு பொரிந்து, தட்டினால் பொத் பொத் என்று சத்தம் வந்தால் தேய்த்துப் பயன் இல்லை. அந்தப் பகுதியைக் கொத்தி எடுத்து, சுவரை நன்றாகக் காயவிட்டு, புதிதாகப் பூச வேண்டும். புதுப் பூச்சும் நன்றாகக் காய்ந்த பிறகே வர்ணம்.

இப்போது மிக முக்கியமான எச்சரிக்கை. பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் ஒன்று சேரக் கூடாது!

கறை போகவில்லை என்ற கோபத்தில் சிலர் பிளீச்சிங் பவுடரைக் கொட்டி, அதன் மேல் கழிவறை ஆசிட்டை ஊற்றிவிடுகிறார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். 1915-ம் ஆண்டு ஏப்ரல் 22-ந் தேதி, முதல் உலகப் போரில், பெல்ஜியத்தின் ஈப்ர நகர் அருகே ஜெர்மன் படை எதிரிகள் மீது ஏவிய நச்சு வாயு அதுதான்! ஜன்னல் இல்லாத சின்ன அறையில் அந்த வாயு கிளம்பினால் நுரையீரல் வெந்துபோகும். உயிரே போகலாம். ஒன்றைப் போட்டால் மற்றொன்றைத் தொடக் கூடாது. தவறிக் கலந்துவிட்டால் உடனே வெளியே ஓடிவந்து கதவுகளைத் திறந்துவிட வேண்டும். மூச்சுத் திணறினால் தாமதம் செய்யாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சுவரில் உள்ள கறையைவிட, துடைக்கிறவர் உயிர் பெரிது.

செலவு யாருடையது?

வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டில்தான் இந்தத் தொல்லை தீராத தொல்லை. வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரர் செய்யட்டும் என்பார். வீட்டுக்காரர் குடியிருப்பவர் செய்யட்டும் என்பார். இருவரும் பேசிக்கொண்டே இருப்பார்கள். பூஞ்சணம் பேசாமல் வளரும்!

இதற்குச் சட்டத்தில் விடை இருக்கிறது. தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2017-ம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2019-ம் ஆண்டு பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. யார் எதைப் பழுது பார்க்க வேண்டும் என்று அதன் பட்டியல் சொல்கிறது. கட்டடத்தின் அமைப்பில் உள்ள பழுது, சுவருக்கு வெள்ளை அடிப்பது, தேவைப்படும்போது தண்ணீர்க் குழாய்களை மாற்றுவது ஆகியவை வீட்டுச் சொந்தக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர் மாற்றுவது, சாக்கடை அடைப்பை எடுப்பது போன்ற சில்லறை வேலைகள் குடியிருப்பவர் பொறுப்பு. இருவரும் வேறு விதமாக ஒப்பந்தம் எழுதிக்கொண்டிருந்தால் அதன்படி நடக்க வேண்டும்.

சண்டைக்காக அல்ல, சமாதானத்துக்காகவே இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓதத்தில் கெடுவது குடியிருப்பவரின் உடம்பு மட்டும் அல்ல. சுவருக்குள் இருக்கும் இரும்புக் கம்பியும் துருப்பிடிக்கிறது. கம்பி உப்பினால் கூரைப் பூச்சு பெயர்ந்து விழும். இன்று நூறு ரூபாயில் முடியும் வேலை, நாளைக்குப் பல ஆயிரத்தில் போய் நிற்கும். அந்தப் பணம் சொந்தக்காரர் பணம்தானே! ஆகவே குடியிருப்பவர் புள்ளியைப் பார்த்ததுமே சொல்ல வேண்டும். சொந்தக்காரர் காதில் விழுந்ததுமே வந்து பார்க்க வேண்டும்.

புள்ளியைப் படியுங்கள்!

காற்றடிக்கும், மழை பெய்யும். இந்தக் கடற்கரைப் பக்கத்துக்குப் புயலும் வரும். அதைத் தடுக்க யாராலும் முடியாது. ஆனால் வந்த ஈரத்தை வீட்டில் குடிவைப்பதும், வெளியே அனுப்புவதும் வீட்டில் உள்ளவர்கள் கையில்தான் இருக்கிறது.

மல்லாட்டை மூட்டையைக் கட்டும் முன் குலுக்கிப் பார்க்கிற ஊர் இது. அதே கவனம் குளியல் அறைக்கும் வேண்டும். குளித்து முடித்ததும் ஒரு தடவை சுவரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஈரமாக இருந்தால் கதவைத் திறக்க வேண்டும். மறுநாளும் ஈரமாக இருந்தால் காரணத்தைத் தேட வேண்டும்.

சுவரில் தோன்றும் கறுப்புப் புள்ளி, வீடு எழுதும் கடிதம். தண்ணீர் எங்கோ தவறாகத் தங்கியிருக்கிறது என்பதுதான் அதில் உள்ள செய்தி. கடிதத்தின் மேல் வர்ணம் பூசுகிறவர்களுக்கு, அடுத்த மழையில் அதே கடிதம் மறுபடியும் வரும்.

முதல் கடிதத்திலேயே படித்துவிடுவது நல்லது. அந்த வீட்டுக் குழந்தை இரவில் இருமாமல் தூங்கும்.